மழையாம்

“இங்க நல்ல மழையாம்” என்றார் அப்பா. நான் “ம்” என்றேன். அவர் அடுத்த கேள்விக்குப் போனார், நான் அடுத்த “ம்”முக்குப் போனேன், நாலு நிமிடத்தில் போனை வைத்துவிட்டோம். ராத்திரி பல் தேய்த்துக்கொண்டிருந்தபோதுதான் அந்த வார்த்தை திரும்பி வந்தது. மழையாம். அவர் இருப்பது அவர் வீட்டில். மழை பெய்தது அந்த வீட்டின் மேல். தூரத்தில் இருக்கிற நான் ‘அங்கே மழையாம்’ என்று யாரிடமாவது சொன்னால் சரி. தன் தலைக்கு மேலே பெய்கிற மழையை ஒருவர் ஏன் யாரோ சொல்லிக் கேள்விப்பட்ட மாதிரி சொல்ல வேண்டும்?

வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து படுத்தேன். தூக்கம் வரவில்லை. வாய் தவறி வந்திருக்கும் என்று சொல்லிப் பார்த்தேன். ஆனால் அப்பா அப்படி வாய் தவறுகிற ஆள் இல்லை. நாற்பது வருடம் கணக்கு எழுதியவர். பத்து ரூபாயைப் பத்து ரூபாய் என்றும், சுமார் பத்து ரூபாயைச் சுமார் பத்து ரூபாய் என்றும் சொல்கிறவர்.

எங்கள் பேச்சைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தினமும் மாலை ஏழரைக்கு அவர் கூப்பிடுவார். மூன்று கேள்விகள். சாப்பிட்டாச்சா? அங்கே வெயிலா, மழையா? இன்றைக்கு எங்கேயாவது போனாயா, என்ன வேலை? நான் பதில் சொன்னதும் இதே மூன்றுக்கும் அவர் பக்கத்துப் பதிலை, நான் கேட்காமலே, சொல்லுவார். இந்த மூன்றும் அவருடைய கேள்விகள்கூட இல்லை. அம்மா இருந்தவரை போனில் அப்பா என்னிடம் பேசியது ஒரே வாக்கியம்தான்: “இரு, அம்மாகிட்ட தரேன்.” அம்மா போய் மூன்று வருடம் ஆகிறது. அவள் போன அடுத்த வாரமே போனை அப்பா எடுத்துக்கொண்டார், அதோடு அவளுடைய கேள்விகளையும். வரிசைகூட மாறவில்லை. முதலில் சாப்பாடு, பிறகு வானம், பிறகு வேலை. எனக்கு இது மனதைத் தொட்டிருக்க வேண்டும். உண்மையைச் சொன்னால், எரிச்சலாக இருந்தது. இரவல் வாங்கிய கேள்விகளை எவ்வளவு நாள் கேட்பார் என்று தோன்றியது.

கையில் ஆதாரம் இருந்தது

சில்லறைப் பேச்சு வீண் என்ற கருத்து எனக்கு வெகுநாளாக உண்டு. லிஃப்ட்டில் ஏறியதும் “என்ன வெயில்!” என்கிறவர்களைப் பார்த்தால் போனைக் கையில் எடுத்துக்கொள்வேன். வெயில் எனக்கும்தான் தெரிகிறது, இதில் சொல்ல என்ன இருக்கிறது என்று நினைப்பேன். அலுவலகத்தில் கூட்டம் தொடங்குவதற்கு முன்னால் ஐந்து நிமிடம் வானிலையும் போக்குவரத்தும் ஓடும். அந்த ஐந்து நிமிடத்தை எத்தனை பேரால் பெருக்கினால் எத்தனை மனித மணி நேரம் என்று கணக்குப் போட்டு, அதை வாய்விட்டும் சொன்னவள் நான். அப்பாவின் மகள், வேறென்ன.

இந்தக் கருத்துக்கு ஓர் ஆராய்ச்சியையும் பக்கபலமாக வைத்திருந்தேன். 2010-இல் மத்தியாஸ் மெல் என்ற உளவியலாளரும் அவருடைய கூட்டாளிகளும் வெளியிட்டது. 79 கல்லூரி மாணவர்களிடம் ஒரு சின்ன ஒலிப்பதிவுக் கருவியைக் கொடுத்து நாலு நாள் உடம்போடு வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். பன்னிரண்டரை நிமிடத்துக்கு ஒருமுறை அது முப்பது விநாடி பதிவு செய்யும். பிறகு அந்தத் துண்டுகளையெல்லாம் கேட்டு, எது ஆழமான பேச்சு, எது சும்மா பேச்சு என்று பிரித்தார்கள். மிக மகிழ்ச்சியாக இருந்தவர்களின் நாளில், மகிழ்ச்சி மிகக் குறைந்தவர்களைவிட, ஆழமான பேச்சு இரண்டு மடங்கு இருந்தது. சும்மா பேச்சு மூன்றில் ஒரு பங்குதான். இதைப் படித்த நாளில் எனக்கு வந்த மகிழ்ச்சி எந்த ஆழமான பேச்சாலும் வந்திருக்காது. எத்தனையோ பேரிடம் இதை எடுத்துக்காட்டியிருக்கிறேன்.

அதே மெல் இன்னும் சிலரோடு சேர்ந்து, பழைய மாணவர்களையும் வேறு வயது, வேறு நிலைமைகளில் இருந்தவர்களையும் சேர்த்து, மொத்தம் 486 பேரை வைத்து 2018-இல் மறுபடி பார்த்தார். ஆழமான பேச்சுக்கும் மன நிறைவுக்கும் உள்ள தொடர்பு நின்றது. சும்மா பேச்சு மகிழ்ச்சியைக் குறைக்கிறது என்பது நிற்கவில்லை. கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. இந்த இரண்டாவது ஆய்வு என் கண்ணில் படவே இல்லை. தேடியிருந்தால்தானே படும். நமக்குச் சாதகமான தீர்ப்பு வந்த வழக்கில் மேல்முறையீடு என்ன ஆயிற்று என்று யாரும் போய்க் கேட்பதில்லை.

ஆதாரம் கையில் இருந்த தைரியத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பரிசோதனையில் இறங்கினேன். அப்பா மூன்று கேள்விகளைத் தொடங்குவதற்கு முன்னாலேயே முந்திக்கொண்டேன். “அப்பா, இத்தனை வருஷத்துல நீங்க எடுத்த முடிவுகள்ல எதை நினைச்சு வருத்தப்படறீங்க?” என்று கேட்டேன். மறுமுனையில் சத்தமே இல்லை. தொடர்பு போய்விட்டதோ என்று திரையைப் பார்த்தேன். இருந்தது. அப்புறம் அப்பா ரொம்ப மெதுவாக, “என்னம்மா, உடம்பு கிடம்பு சரியில்லையா?” என்றார். இல்லை, சும்மாதான் கேட்டேன் என்றேன். “அப்ப சரி” என்றார். ஒரு மூச்சு விட்டார். “சாப்பிட்டாச்சா?”

இதை நண்பர்களிடம் நகைச்சுவையாகச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். இப்போது யோசித்தால், அந்தக் கேள்வியை அவரிடம் யார் கேட்டிருந்தாலும் அவருக்கு அப்படித்தான் இருந்திருக்கும். கதவைத் தட்டாமல் நேரே படுக்கையறைக்குள் நுழைந்துவிட்டு, ‘ஏன் யாரும் வாங்க என்று கூப்பிடவில்லை’ என்று கேட்ட கதைதான்.

ஆறு வாரத்து “ம்”

தூக்கம் வராத அந்த இரவுக்கு வருகிறேன். என் போனில் பேச்சுகள் தானாகப் பதிவாகும். வாங்கிய புதிதில் அலுவலக வேலைக்காக ஏதோ ஓர் அமைப்பைத் தட்டிவிட்டது, அப்படியே விட்டுவிட்டேன். அப்பாவின் பேச்சும் அதில் சேர்ந்துகொண்டிருந்தது என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. அவருக்குத் தெரியாமல் அவர் குரலைச் சேர்த்து வைத்திருக்கிறேன் என்பது ஒரு மாதிரி இருந்தது. (பிற்பாடு அணைத்துவிட்டேன்.) ஆனால் அந்த இரவில் காதில் மாட்டிக்கொண்டு ஆறு வாரப் பேச்சைப் பின்னாலிருந்து முன்னால் கேட்டேன்.

முதலில் கேட்டது என்னைத்தான். இது நான் எதிர்பாராத தண்டனை. ஒரே பேச்சில் 19 தடவை “ம்” சொல்லியிருக்கிறேன். அதற்குப் பின்னால் மெலிதாகக் கீபோர்டு சத்தம். சில இடங்களில் அவர் கேட்டு முடிப்பதற்குள்ளேயே என் பதில் வந்துவிடுகிறது. “சாப்பிட்டா…” என்னும்போதே “ஆச்சுப்பா” என்கிறேன். பத்து மொழிகளில் மக்கள் பேசுவதை அளந்து 2009-இல் வந்த ஓர் ஆய்வில், ஒருவர் கேள்வியை முடிப்பதற்கும் அடுத்தவர் பதிலைத் தொடங்குவதற்கும் நடுவில் சராசரியாகச் சுமார் 200 மில்லிவிநாடிதான் இடைவெளி என்று கண்டார்கள். கண் இமைக்கிற நேரம். அதற்குள் ஒரு பதிலை யோசித்து உருவாக்கிவிட மூளையால் முடியாது, ஆகவே எதிராளி பேசிக்கொண்டிருக்கும்போதே நாம் பதிலைத் தயார் செய்ய ஆரம்பித்துவிடுகிறோம். எல்லாரும் செய்வதுதான். என் விஷயத்தில் தயார் செய்யக்கூட எதுவும் இருக்கவில்லை. பதில் மூன்று வருடமாகத் தயாராக இருந்தது. கேள்வியைக் கேட்க வேண்டிய அவசியமே எனக்கு இல்லை.

இரண்டாவதாகத்தான் அவரைக் கேட்டேன். ஆறு வாரத்துக்கு முன்னால்: “வெயில் மண்டையைப் பிளக்குது. பேங்க்குக்குப் போய்ட்டு வர்றதுக்குள்ள சட்டை நனைஞ்சு போச்சு.” அடுத்த நாள்: “மருந்துக் கடைக்குப் போனேன், அந்த மாத்திரை இல்லைன்னுட்டான், நாளைக்கு வரச் சொன்னான்.” அதற்கு இரண்டு நாள் கழித்து: “குழாய் ரிப்பேருக்கு ஆளைத் தேடி அலைஞ்சேன்.” எல்லாம் ‘ஏன்’ விகுதி. போனேன், அலைந்தேன், வாங்கினேன், பார்த்தேன்.

அப்புறம் ஒரு புதன்கிழமை. “மாத்திரை வந்துடுச்சு” என்கிறார். வாங்கிட்டேன் என்று சொல்லவில்லை. நான் “ம்” என்கிறேன். வியாழன்: “கீழ் வீட்டுப் பையன் போனான், அவன்கிட்டயே பில்லைக் குடுத்துவிட்டேன்.” சனி: “காத்து பலமா இருக்கு போல, ஜன்னல் அடிச்சுக்குது.” அடுத்த வாரம்: “வெயில் குறைஞ்சிருச்சுன்னு அந்தப் பையன் சொன்னான்.” பிறகு மழையாம்.

வினைமுற்றுகளிலிருந்து அவர் ஒவ்வொரு நாளாக வெளியேறிக்கொண்டிருந்தார். வேலைகள் நடந்துகொண்டுதான் இருந்தன, மாத்திரை வந்தது, பில் கட்டப்பட்டது. ஆனால் அவற்றைச் செய்கிற ஆளாக அவர் எங்கேயும் இல்லை. வானத்தைப் பற்றியும் அப்படித்தான். முதலில் தோலில் பட்ட வெயில். பிறகு சத்தத்தை வைத்து ஊகித்த காற்று. கடைசியில் அடுத்தவர் சொல்லித் தெரிந்த மழை.

‘ஆம்’ என்ற ஒட்டு எவ்வளவு நேர்மையானது என்பதை அன்றுதான் கவனித்தேன். நானே பார்க்கவில்லை, கேள்விப்பட்டேன், இதற்கு நான் பொறுப்பில்லை என்ற மூன்றையும் ஒரே அசையில் சொல்லிவிடுகிறது. துருக்கி மொழியில் இதே வேலைக்கு ஒரு விகுதி உண்டு. கொலம்பியா, பிரேசில் எல்லைப் பக்கம் பேசப்படும் துயூக்கா என்ற மொழியில் இது விருப்பமே இல்லை, கட்டாயம். கண்ணால் பார்த்ததா, வேறு புலனால் அறிந்ததா, தடயத்தை வைத்துச் சொல்வதா, பிறர் சொன்னதா, ஊகமா என்று ஐந்தில் ஒன்றை வினைச்சொல்லில் காட்டாமல் ஒரு செய்தியைச் சொல்லவே முடியாது. அந்த மொழிக்காரர்களின் மகள்கள் என்னைவிடக் கவனமாகக் கேட்பார்களோ என்னவோ. தமிழில் கட்டாயம் இல்லை. அப்பா ‘நல்ல மழை’ என்றே சொல்லிவிட்டுப் போயிருக்கலாம், எனக்குத் தெரிந்திருக்காது. ஆனால் பார்க்காத மழையைப் பார்த்ததாக எழுத அந்தக் கணக்குப்பிள்ளைக்குக் கை வரவில்லை.

சொல்லிக்கொண்டுதானே இருந்தேன்

மறுநாள் ஏழரை வரை காத்திருக்க முடியவில்லை, ஆனாலும் காத்திருந்தேன். நேரம் மாறிக் கூப்பிட்டால் பயந்துவிடுவார். கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுப் பால்கனியில் போய் நின்றுகொண்டேன். மூன்று கேள்விகள் வந்தன. சாப்பாடு முடிந்து வானத்துக்கு வந்தபோது, “இங்க மேகமா இருக்குப்பா. அங்க மழை விட்டுடுச்சா?” என்றேன்.

“விட்டுடுச்சாம்.”

“யாருப்பா சொன்னாங்க?”

கொஞ்சம் யோசித்தார். “கீழ் வீட்டுப் பையன்தான்.”

“நீங்க பார்க்கலையா?”

“நான் எங்க…” என்று இழுத்தார். அந்த இழுப்பில் நான் ஒன்றும் சொல்லாமல் இருந்தேன். வழக்கமாக அங்கேதான் “ம்” சொல்லி வாக்கியத்தை மூடியிருப்பேன். அவர் வாக்கியத்தை முடிக்கவில்லை. அதற்குப் பதிலாக, மாத்திரை இன்னும் பத்து நாளைக்கு இருக்கிறது என்றார். குழாய் மறுபடி ஒழுகுகிறது என்றார். ஆள் வந்தாராம், பார்த்தாராம், நாளைக்கு வருகிறாராம். இதெல்லாம் சொல்லி முடித்துவிட்டு, குழாயைப் பற்றிச் சொன்ன அதே குரலில், “படியில வழுக்கிட்டேம்மா” என்றார்.

அடி ஒன்றும் இல்லை. மூன்றாவது படியிலிருந்து உட்கார்ந்த வாக்கில் இறங்கியிருக்கிறார், கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். டாக்டரிடம்கூடப் போகவில்லை. ஆனால் அதற்குப் பிறகு மாடிப்படியைப் பார்த்தாலே கால் பின்வாங்குகிறது. இருபத்து மூன்று நாளாகக் கீழே இறங்கவில்லை. முன்னறைக்கு வந்தால் ஜன்னல் வழியாகத் தெரு தெரியும், தெரு தெரிந்தால் இறங்கவில்லையே என்று இருக்கும், ஆகவே கட்டிலைப் பின்னறைக்கு மாற்றிக்கொண்டிருக்கிறார். அங்கே இருக்கிற ஜன்னலுக்கு எதிரே சுவர். மழை பெய்தால் சத்தம்கூடச் சரியாகக் கேட்காதாம்.

“ஏம்ப்பா என்கிட்ட சொல்லலை?” என்று கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன்.

அப்பாவுக்கு நிஜமாகவே ஆச்சரியம். “தினம் சொல்லிக்கிட்டுத்தானேம்மா இருந்தேன். மாத்திரை வந்துடுச்சுன்னு சொன்னேன். பில்லை அவன்கிட்ட குடுத்துவிட்டேன்னு சொன்னேனே.”

அவர் சாக்குச் சொல்லவில்லை. அவரைப் பொறுத்தவரை அவர் சொல்லியிருந்தார். ஒவ்வொரு நாளும், தன் கணக்கில் ஒரு வரி விடாமல்.

இதை எத்தனையோ தடவை மனதுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டேன். அவர் ஏன் நேராகச் சொல்லவில்லை என்பதற்கு வெட்கம், என்னைப் பயமுறுத்த வேண்டாம் என்ற எண்ணம் என்று வழக்கமான காரணங்கள் இருக்கவே செய்யும். அதோடு இன்னொன்றும் இருக்கிறது என்று நினைக்கிறேன். ‘விழுந்துவிட்டேன்’ என்று ஒருவர் சொன்னால் கேட்கிறவர் உடனே ஏதாவது செய்தாக வேண்டும். பதற வேண்டும், கிளம்பி வர வேண்டும், திட்ட வேண்டும். ‘மாத்திரை வந்துடுச்சு’ என்று சொன்னால் எதுவும் செய்யத் தேவையில்லை. கவனித்தால் கவனிக்கலாம், விட்டுவிட்டால் இருவருக்கும் நஷ்டமில்லை. சொல்லவும் செய்கிறோம், யார் மேலும் பாரத்தை இறக்கவும் இல்லை. வெயில், சாப்பாடு, வேலை என்ற மூன்றும் இதற்கென்றே அமைந்தது போல இருக்கின்றன. தன்னைப் பற்றிப் பேசுகிறோம் என்று காட்டிக்கொள்ளாமல் தன்னைப் பற்றிப் பேசிவிடலாம். ஆனால் இதே வசதியை வைத்து மறைக்கவும் செய்யலாம் என்பதையும் சொல்ல வேண்டும். இருபத்து மூன்று நாள் அவர் இரண்டையும் சேர்த்தே செய்துகொண்டிருந்தார் என்றுதான் எனக்குப் படுகிறது.

லிஃப்ட்டும் போனும்

புரோனிஸ்லாவ் மலினோவ்ஸ்கி என்ற மானிடவியலாளர், முதல் உலகப் போர்க் காலத்தில் பசிபிக் கடலில் உள்ள டிரோபிரியாண்ட் தீவுகளில் தங்கி அந்த மக்களைக் கவனித்தவர், 1923-இல் எழுதிய ஒரு கட்டுரையில் இந்த வகைப் பேச்சுக்கு ஒரு பெயர் வைத்தார். தமிழில் உறவாடல் பேச்சு என்று வைத்துக்கொள்ளலாம். அந்தத் தீவில் ஒருவரை ஒருவர் பார்த்தால் “எங்கிருந்து வருகிறாய்?” என்பார்கள். ஆங்கிலேயர்கள் இன்றைக்கு நாள் நன்றாக இருக்கிறது என்பார்கள். இரண்டிலும் செய்தி முக்கியமே இல்லை, இரண்டு பேர் எதிரெதிரே மௌனமாக நிற்கும்போது வருகிற சங்கடத்தைப் போக்கி அவர்களைக் கட்டிவைப்பதுதான் அதன் வேலை என்றார். நூறு வருடமாக இதைத்தான் எல்லாரும் சொல்கிறார்கள். சில்லறைப் பேச்சை ஆதரித்துப் பேசுகிறவர்களும் இதையே ஆதாரமாகக் காட்டுகிறார்கள்: அர்த்தம் இல்லை, ஆனால் உறவு இருக்கிறது.

லிஃப்ட்டுக்கு இது சரி. லிஃப்ட்டில் “என்ன வெயில்!” என்கிறவருக்கும் எனக்கும் ஒரே வெயில். அவர் சொல்வதில் செய்தி ஏதும் இல்லை, இருக்கவும் வேண்டாம். நாம் இரண்டு பேரும் ஒரே வானத்துக்குக் கீழே இருக்கிறோம், உன்னால் எனக்கு ஆபத்து இல்லை, அவ்வளவுதான். வானிலை அதற்கு ரொம்பப் பொருத்தம். யாருடைய தப்பும் இல்லை, யாருக்கும் கட்சி இல்லை. நான் லிஃப்ட்டில் போனை எடுத்துக்கொண்டதற்காக இப்போது பெரிதாக வருத்தப்படவும் இல்லை. சில பேச்சுகள் உண்மையிலேயே வெறும் சத்தம்தான். எல்லாச் சில்லறைப் பேச்சிலும் ஏதோ புதைந்திருக்கிறது என்று கிளம்பினால் மனிதர்களோடு இருக்க முடியாது.

ஆனால் போனில் வானம் பொது இல்லை. தூரத்தில் இருக்கிற ஒருவர் “இங்கே மழை” என்றால் அது எனக்குத் தெரியாத செய்தி. அவர் எங்கே நின்று பார்க்கிறார், நனைந்தாரா, ஜன்னல் வழியாகவா, யார் சொன்னது என்பதெல்லாம் அதற்குள் இருக்கிறது. ‘சாப்பிட்டேன்’ என்றால் எப்போது, தனியாகவா, சமைத்தாரா, மிச்சம் இருந்ததா. நான் செய்த தப்பு, லிஃப்ட்டில் நின்று கேட்கிற காதோடு போனிலும் கேட்டது. சொற்கள் ஒன்றாக இருந்ததால் வேலையும் ஒன்று என்று நினைத்துவிட்டேன். மலினோவ்ஸ்கியோடு சண்டை போடுகிற அளவுக்கு எனக்குப் படிப்பு இல்லை. ஆனால் அர்த்தம் முக்கியமில்லை என்கிற இடத்தில் எனக்கு ஒரு ‘மழையாம்’ இடறுகிறது.

இன்னொன்றையும் அந்தப் பதிவுகளில் கேட்டேன். எங்கள் பேச்சு தீர்ந்துபோனதும் அப்பா “சரி… அப்புறம்?” என்பார். நான் “அவ்வளவுதாம்ப்பா” என்பேன். “சரி, வைக்கட்டுமா?” இந்த ‘அப்புறம்’ எப்பேர்ப்பட்ட சொல்! மேலே சொல்லு என்றும் அர்த்தம், சொல்ல ஒன்றும் இல்லை என்றும் அர்த்தம். இமானுவேல் ஷெக்லோஃப், ஹார்வி சாக்ஸ் என்ற இரண்டு சமூகவியலாளர்கள் தொலைபேசிப் பேச்சுகள் எப்படி முடிகின்றன என்பதை ஆராய்ந்து 1973-இல் எழுதினார்கள். பேச்சு தானாக முடிவதில்லை, இரண்டு பேரும் சேர்ந்து அதை முடிக்க வேண்டியிருக்கிறது என்பது அவர்கள் கண்டது. ‘சரி’ மாதிரி ஒரு சொல்லைப் போட்டு ஒருவர் தன் முறையை விட்டுக்கொடுக்கிறார். இதுவரை சொல்லாதது ஏதாவது இருந்தால் இப்போது சொல்லலாம் என்று எதிராளிக்கு ஓர் இடம் திறக்கிறது. அவரும் ‘சரி’ என்றால்தான் முடிவு. ஆறு வாரப் பதிவில் அப்பா அந்த இடத்தை ஒவ்வொரு நாளும் திறந்தார். நான் ஒரு நாள்கூட “உங்களுக்கு அப்புறம்?” என்று திருப்பிக் கேட்கவில்லை. திறந்த கதவைச் சாத்திவிட்டுப் போவது மட்டும்தான் என் வேலையாக இருந்தது.

அடுத்த சனிக்கிழமை ஊருக்குப் போனேன். படியில் இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்தோம். முதல் நாள் நான் முன்னால் ஒரு படி இறங்கி நிற்க, அவர் பின்னால் வந்தார். இரண்டாம் நாள் கீழ் வீட்டுப் பையன். ஏழாம் நாள் நான் திரும்பி வந்துவிட்டேன். கட்டில் முன்னறைக்கு வந்துவிட்டது. மற்றதெல்லாம் மெதுவாகத்தான் நடந்தது, சொல்ல ஒன்றும் இல்லை.

இப்போதும் ஏழரைக்குத்தான் போன். அதே மூன்று கேள்விகள். நான் வினைமுற்றுகளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன் என்பதை அவர் கண்டுபிடிக்க ரொம்ப நாள் ஆகவில்லை. “காத்து அடிக்குது” என்பார். உடனே “அடிக்குது, அடிக்குதாம் இல்லை. மொட்டை மாடியில நின்னு சொல்றேன், போதுமா?” என்பார். “பரீட்சை வைக்கிறா” என்று பக்கத்தில் யாரிடமோ சொல்வதும் கேட்கும்.

போன வாரம் ஒரு நாள் வேலை ரொம்ப அதிகம். மதியம் ஒன்றும் சாப்பிடவில்லை, ராத்திரிக்கும் ஒன்றும் செய்யவில்லை. ஏழரைக்கு போன் வந்தது.

“சாப்பிட்டாச்சா?”

“ஆச்சுப்பா.”

“சாப்பிட்டியா?”

“அதான் சாப்பிட்டாச்சுன்னு சொன்னேனே.”

“அதைத்தான் கேக்கறேன்” என்றார். “சாப்பிட்டிருந்தா ‘சாப்பிட்டேன்’னு சொல்லுவே. சாப்பிடலைன்னாத்தான் ‘ஆச்சு’ம்பே. சின்னப் பிள்ளையில இருந்தே அப்படித்தான்னு உங்கம்மா சொல்லுவா. போனை வெச்சுட்டு எனக்கு, ‘அவ இன்னிக்கும் சாப்பிடலை’ம்பா.”

நான் ஒன்றும் சொல்லவில்லை. “ம்”கூடச் சொல்லவில்லை.

“போய் அடுப்பைப் பத்த வை” என்றார் அப்பா. “நான் லைன்லயே இருக்கேன்.”